குஞ்சுக்குப் போட்டீங்களா? வெள்ளைக்கழிச்சல் நோயும் நம் குழுக்கள் செய்ய வேண்டியதும்



2022-ஆம் வருஷம் சித்திரை மாதம் நடந்த ஒரு விஷயத்தில் இருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். நம் குழு ஒன்றில் ஓர் அக்கா கோழி வளர்க்க உள்கடன் 5,000 ரூபாய் வாங்கினார். அதில் பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கி, வீட்டிலேயே அடை வைத்து 31 குஞ்சு பொரித்திருந்தார். பருந்துக்கும் கீரிக்கும் தப்பி அத்தனையும் ஐந்து வாரக் குஞ்சாக நின்றது. கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் "இந்த தடவை வட்டி மட்டும் இல்ல, அசலையே கட்டிருவேன் மேடம்" என்று சொல்லுவார். அப்புறம் ஒரு திங்கள்கிழமை சந்தையில் படையலுக்காக ஒரு சேவல் வாங்கி வந்து, இரண்டு நாள் வீட்டுக் கோழிகளோடேயே விட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து குஞ்சுகள் தூங்க ஆரம்பித்தன. எட்டே நாளில் 27 குஞ்சு போய்விட்டது. பெரிய கோழிகள் மட்டும் தப்பித்தன.

நான் போனபோது திண்ணையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முகாம்ல எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டாச்சே மேடம். அப்புறம் எப்படி இது வந்துச்சு?"

நியாயமான கேள்வி. அவர் மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. முகாம் நடந்த அன்று அந்த 31 குஞ்சும் முட்டையாகக்கூட இல்லை. ஊசி தாய்க்கோழிக்குப் போட்டது. குஞ்சுக்கு யாரும் போடவில்லை, போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

இது என்ன நோய்?

நம்ம பக்கம் "கோழிச் சீக்கு" என்றும் "தூங்கல்" என்றும் சொல்லுவோம். கால்நடை மருத்துவர்கள் வெள்ளைக்கழிச்சல் அல்லது இராணிக்கேட் நோய் என்பார்கள். இராணிக்கேட் என்பது வடக்கே உத்தராகண்ட் மலையில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1927 வாக்கில் நம் நாட்டில் முதலில் அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் இங்கிலாந்தில் நியூகேசில் என்ற ஊரில் வந்தது, அதனால் வெளிநாட்டில் நியூகேசில் நோய் என்கிறார்கள். பெயர்தான் வேறு வேறு, சீக்கு ஒன்றுதான்.

இது வைரஸ் கிருமியால் வருவது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது. வைரஸ் என்றால், நோய் வந்தபிறகு அந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரையோ ஊசியோ கிடையாது. மருந்துக் கடையில் மஞ்சளாக ஒரு பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுப்போமே, அது வேறு கிருமிக்கான மருந்து. நோயில் பலவீனமான கோழியை வேறு கிருமி தாக்காமல் இருக்க டாக்டர் சில சமயம் கொடுப்பார். அதனால் வெள்ளைக்கழிச்சல் நிற்காது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து உருண்டையாகக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "உருண்டை கொடுத்துட்டேன், தடுப்பு மருந்து வேண்டாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தடுப்பு மருந்து போடாத கோழிக்கூட்டத்தில் கடுமையான வெள்ளைக்கழிச்சல் நுழைந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கூடச் செத்துப்போகும். சில வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சாது. பெரிய கோழியும் சாகும் என்றாலும் குஞ்சுகள் சீக்கிரம் போய்விடும், நமக்கு அடையாளம் தெரிவதற்குள்ளேயே பாதி போய்விடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கிருமி உடம்புக்குள் போய் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் சீக்கு தெரியும். இரண்டு நாளிலும் தெரியலாம், பதினைந்து நாள் வரைக்கும்கூட ஆகலாம். அதனால்தான் சந்தையில் வாங்கும்போது கோழி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, வீட்டுக்கு வந்த பிறகு படுக்கிறது. விற்றவர் ஏமாற்றினார் என்று எப்போதும் சொல்ல முடியாது, அவருக்கே தெரிந்திருக்காது.

குஞ்சில் முதலில் மூச்சைக் கவனியுங்கள். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். ராத்திரி பஞ்சாரத்துப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் கர் கர் என்று சத்தம், நடுவில் தும்மல். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது என்று ஒரு பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தார், அது உண்மைதான். அடுத்து இரை எடுக்காது. தாய் கொக்கரித்துக் கூப்பிட்டாலும் ஓடாது. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணியாகப் போகும், பின்பக்க முடி நனைந்து கிடக்கும். இரண்டு மூன்று நாள் தாங்கிய குஞ்சுகளில் கால் இழுக்கும், ஒரு பக்க இறக்கை விழுந்துவிடும், கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகைப் பார்க்கும் அல்லது சுற்றிச் சுற்றி வரும். கழுத்துத் திருகலைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். ஒரு அறிகுறியும் காட்டாமல் காலையில் திறக்கும்போது செத்துக் கிடப்பதும் உண்டு. முட்டையிடும் கோழியாக இருந்தால் முட்டை நின்றுபோகும், இல்லையென்றால் தோல் முட்டையாக, கோணல் முட்டையாக இடும்.

ஆனால் வெள்ளையாகக் கழிவதெல்லாம் இந்த நோய் இல்லை. மூன்று வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் இடைப்பட்ட குஞ்சு எச்சத்தில் ரத்தம் கலந்து வந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். கூண்டுக்குள் தரை ஈரமாக இருப்பதால் வருவது. அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் டாக்டரிடம் போனால் காப்பாற்றலாம். பொரித்து ஒரு வாரம், பத்து நாளில் பின்பக்கத்தில் வெள்ளையாகக் காரை போல அடைத்துக்கொண்டு சாவது வேறு, அது தாய்க்கோழியிடம் இருந்து முட்டை வழியாக வரும் கிருமி. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்தால் அம்மை. இதையெல்லாம் நாமே பார்த்து நூறு சதவீதம் சரியாகச் சொல்லிவிட முடியாது. பறவைக்காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் கூட்டமாகச் சாகும். அதனால் இரண்டு நாளுக்குள் மூன்று நான்கு கோழி செத்தால், புதைப்பதற்கு முன்னாலேயே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். செத்த கோழியை டாக்டர் அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். கிளை நிலையம் பக்கத்தில் இருந்தால் கால்நடை ஆய்வாளரிடம் சொன்னாலும் போதும். "கோழிக்கெல்லாமா டாக்டரைக் கூப்பிடுறது" என்று வெட்கப்பட வேண்டாம்.

முகாமில் போட்டாச்சே?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் வெயில் ஏறுவதற்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், ஊர் ஊராக வந்து வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். அது எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் போடும் ஊசி. நல்ல ஊசி, பல மாதம் காக்கும். கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். விடிகாலையிலேயே வருகிறார்கள், அப்போது கோழியைத் திறந்து விட்டுவிட்டு "பிடிக்க முடியல சார்" என்று நாம் சொல்கிறோம். முந்தின நாளே தண்டோரா போட்டாலும் மறந்துவிடுகிறோம். இது நம் பக்கத்துக் குறை.

ஆனால் அந்த ஊசி சின்னக் குஞ்சுக்கு ஆகாது. அதில் இருக்கும் கிருமி கொஞ்சம் வீரியமானது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட்டால் குஞ்சுக்கு நோயே வந்துவிடலாம், கால் விழுந்துவிடலாம். "மீதி இருக்கே, குஞ்சுக்கும் கொஞ்சமாப் போட்டுவிடுங்க சார்" என்று கேட்கும் சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். கேட்காதீர்கள்.

குஞ்சுக்கு என்று தனியாக வீரியம் குறைந்த மருந்து இருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு, அவ்வளவுதான், ஊசி இல்லை. எஃப் ரகம் என்றும் லசோட்டா என்றும் இரண்டு வகை. குஞ்சு பொரித்து ஐந்து நாளில் இருந்து ஏழு நாளுக்குள் முதல் சொட்டு. நாலாவது வாரம் முடியும்போது லசோட்டா இன்னொரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை உங்கள் மருந்தக டாக்டரே சொல்லுவார்.

ஒரு முறை போட்டால் போதாதா, ஏன் நாலாம் வாரம் மறுபடியும் என்று கேட்பீர்கள். கன்றுக்குட்டிக்குச் சீம்பால் கொடுக்கிறோம் இல்லையா, அதுபோல ஊசி போட்ட தாய்க்கோழியின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் அதுதான் குஞ்சைக் காக்கும். ஆனால் அதே சக்தி, நாம் விடும் சொட்டு மருந்தையும் கொஞ்சம் அமுக்கிவிடும். அதனால் முதல் சொட்டு அரைகுறையாகத்தான் பிடிக்கும். நாலு வாரத்தில் தாய் கொடுத்தது தீர்ந்துபோகிறது, நாம் கொடுத்ததும் பலவீனம். அந்த அக்காவின் குஞ்சுகளுக்கு ஐந்து வாரம் என்று சொன்னேனே. முதல் சொட்டும் இல்லாமல், இரண்டாவதும் இல்லாமல், தாயின் சக்தியும் தீர்ந்த சரியான நேரத்தில் சந்தைச் சேவல் வந்து சேர்ந்தது.

ஒரு புட்டி, நூறு குஞ்சு

இவ்வளவு சுலபமாக இருக்கும்போது ஏன் யாரும் குஞ்சுக்குப் போடுவதில்லை? பணம் காரணம் இல்லை. மருந்து நூறு, இருநூறு, ஐந்நூறு குஞ்சுக்கான புட்டியாகத்தான் வருகிறது. திறந்து கரைத்துவிட்டால் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஏழு குஞ்சு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக யார் ஒரு புட்டி உடைப்பார்கள்? கொடுப்பவருக்கும் மனம் வராது, கேட்பவருக்கும் கூச்சம். பண்ணைக்காரருக்கு ஆயிரம் குஞ்சும் ஒரே வயது, அவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

ஒரு வீட்டால் ஆகாதது ஒரு குழுவால் ஆகும். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஏழெட்டுப் பேர் அடை வைத்தாலே ஐம்பது அறுபது குஞ்சு வந்துவிடும். பக்கத்துத் தெருக் குழுவையும் சேர்த்தால் நூறு சுலபம். ஒரே ஒரு நிபந்தனை, குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்க வேண்டும். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். ஆகவே அடை வைக்கும் நாளைக் குழுவில் பேசி ஒரே வாரத்தில் வையுங்கள். முதல் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் இரண்டு மூன்று நாள் பொய் முட்டை வைத்து உட்கார வைத்துக்கொண்டு, மற்ற வீட்டுக் கோழியும் உட்கார்ந்தபிறகு நல்ல முட்டையை மாற்றி வைக்கலாம் என்று நம் சகோதரிகளே வழி சொன்னார்கள். நான் சமூகப் பணி படித்தவள், கோழி அடைக்கு உட்காருவதைப் பற்றி எனக்கு வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அமாவாசைக்கு அடை வைக்க மாட்டோம் என்று சில ஊர்களில் சொல்கிறார்கள். அதற்கும் சண்டை போட வேண்டாம், அமாவாசை கழித்து எல்லோரும் ஒன்றாக வையுங்கள், நமக்கு அதுவும் வசதிதான். இடி இடித்தால் கூமுட்டை ஆகும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுகிறீர்களே, அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அடை வைத்தால் மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பொரிக்கும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சொட்டு மருந்து. இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆனால் குற்றமில்லை, போடாமல் விடுவதுதான் குற்றம். தீர்மான நோட்டில் தேதியை எழுதி வையுங்கள்.

மருந்தைக் கொண்டுவருவது

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2016-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆர்வத்தில் டவுனுக்குப் போய் மருந்து வாங்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சித்திரை வெயில், ஒன்றரை மணி நேரப் பயணம். ஊருக்கு வந்தால் குழுக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சேமிப்பு வசூல், கடன் பாக்கி, வரவு செலவு வாசிப்பு எல்லாம் முடிந்து குஞ்சுகளைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டு. எழுபது குஞ்சுக்குச் சொட்டு விட்டேன். ஒரு மாதத்தில் அந்தத் தெருவில் சீக்கு வந்து முக்கால்வாசி செத்தது. "மேடம் விட்ட மருந்துதான் குஞ்சைக் கொன்னுச்சு" என்று ஊரே சொன்னது. ஒரு வருஷம் அந்தத் தெருவில் யாரும் என்னைக் கோழிப் பேச்சு எடுக்க விடவில்லை.

பிறகு ஒரு கால்நடை டாக்டர்தான் எனக்கு விளக்கினார். இந்த மருந்து உயிருள்ள மருந்து. பலவீனமாக்கிய கிருமி அதற்குள் உயிரோடு இருக்கிறது. அது குஞ்சின் உடம்புக்குள் போய்ப் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். வெயிலில் அது செத்துவிட்டால் நாம் விடுவது வெறும் தண்ணீர். ஆக, என் மருந்து குஞ்சைக் கொல்லவில்லை, மருந்தைத்தான் நான் கொன்றுவிட்டேன். விளைவு ஒன்றுதான்.

ஆகவே மருந்து வாங்கப் போகும்போதே வாயகன்ற தெர்மாஸ் பிளாஸ்க் கையில் இருக்க வேண்டும். ஐஸ்கட்டி போட்டு, மருந்துப் புட்டியையும் கரைக்கும் நீர்ப் புட்டியையும் பாலித்தீன் பையில் கட்டி அதற்குள் வையுங்கள். கடையிலோ மருந்தகத்திலோ குளிர்பெட்டியில் இருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், காலாவதித் தேதியைப் படியுங்கள். வீட்டில் குளிர்பெட்டி இருந்தால் நடுத்தட்டில் வைக்கலாம், மேலே பனி உறையும் பெட்டிக்குள் கரைக்கும் நீரை வைத்து உறைய விடாதீர்கள்.

சொட்டு விடும் வேலையை விடியற்காலையில், கோழியைத் திறக்கும் முன்னே செய்யுங்கள். இல்லையென்றால் அந்தி சாய்ந்து பஞ்சாரத்தில் அடைந்தபிறகு. எல்லாக் குஞ்சையும் கூடையில் போட்டு, நிழலில் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் புட்டியை உடைக்க வேண்டும். கரைத்த புட்டியை ஐஸ் மேலேயே வையுங்கள். இடது கையில் குஞ்சைப் பிடித்து, தலையைச் சாய்த்து ஒரு கண் மேலே பார்க்கும்படி வைத்து, சொட்டுக் குழாய் கண்ணில் படாமல் ஒரு சொட்டு. குஞ்சு கண்ணைச் சிமிட்டி அது உள்ளே போகும் வரை இரண்டு நொடி பிடித்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிவிடும். வெளியே சிந்தினால் இன்னொரு சொட்டு விடலாம். விட்ட குஞ்சை வேறு கூடையில் போட்டால் விட்டதா விடலையா என்ற சண்டை வராது. ஒருவர் பிடிக்க, ஒருவர் விட, ஒருவர் எண்ண என்று மூன்று பேர் இருந்தால் நூறு குஞ்சு அரை மணியில் முடிந்துவிடும்.

ஏற்கெனவே தூங்கும் குஞ்சுக்கு விடாதீர்கள். சீக்கு நுழைந்துவிட்ட வீட்டுக்கு மருந்தோடு ஓடுவதில் பலன் இல்லை. சக்தி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் சீக்கு முந்திவிடும், பழி மருந்து மேல் விழும். சொட்டு விட்ட நல்ல குஞ்சு இரண்டு மூன்று நாள் லேசாகத் தும்மலாம், பயப்பட வேண்டாம், தானே சரியாகும். மருந்து நம் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து நீர் வடியும், அதனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள். காலிப் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள், பிள்ளைகள் விளையாட எடுத்துவிடும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிக்கு என்றே குருணையாக ஒரு தடுப்பு மருந்து கண்டுபிடித்திருக்கிறது. கையில் பிடிக்காமல் தீவனம் போலப் போட்டுக் கோழியைத் தின்ன வைப்பது. ஐஸ் சிரமமான ஊர்களுக்கு நல்லது. உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று அருகில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சீக்கு வந்துவிட்டால்

இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கோழி தூங்க ஆரம்பித்ததும் நாம் முதலில் செய்வது, சாவதற்குள் விற்றுவிடுவது அல்லது அறுத்துவிடுவது. கடன் வாங்கி வளர்த்தவருக்கு அந்த நூறு இருநூறு ரூபாயை விட மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் விற்ற கோழி எங்கே போகிறது? அடுத்த ஊர்ச் சந்தைக்கு. அங்கே வாங்குவது நம் கூட்டமைப்பில் இன்னொரு குழுவில் இருக்கும் இன்னொரு சகோதரி. அந்த அக்காவின் வீட்டுக்கு வந்த சேவலும் இப்படி யாரோ ஒருவர் "சாகுறதுக்குள்ள தள்ளிவிட்ட" சேவலாக இருக்கலாம். அறுத்தாலும், குடலையும் முடியையும் கழுவிய தண்ணீரையும் தெருவில் கொட்டினால் அது தெரு முழுக்கக் கோழிகளுக்குப் போகும்.

தூங்கும் கோழியைத் தனியாகப் பிரித்து அடையுங்கள். செத்ததை மூன்றடிக் குழி தோண்டி, மேலே சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வாய்க்காலில், கண்மாய்க் கரையில், குப்பைமேட்டில் வீசினால் நாயும் காக்கையும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அந்த வீட்டில் கோழிக்குக் கை வைத்தவர், கையும் காலும் கழுவாமல் அடுத்த வீட்டுக் கோழிக்கு இரை போடக்கூடாது. இந்தக் கிருமிக்குக் கால் கிடையாது, நம் செருப்பிலும் சாக்கிலும் கூடையிலும்தான் நடக்கிறது. கூண்டில் இருக்கும் வைக்கோல், உமி எல்லாம் எரித்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, சுண்ணாம்பு அடித்து, பஞ்சாரத்தை நல்ல வெயிலில் போடுங்கள். ஒரு மாதத்துக்குப் புதுக் குஞ்சு வேண்டாம். பிழைத்து நிற்கும் கோழி நன்றாகத் தெரிந்தாலும் கொஞ்ச நாள் எச்சத்தில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். புறா வளர்க்கும் வீடுகளிலும் கவனம், புறாவுக்கும் இது வரும்.

சீக்கு இல்லாத காலத்திலும் சந்தையில் இருந்தோ மாமியார் வீட்டில் இருந்தோ வரும் கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பாருங்கள். படையல் சேவல் ஆனாலும் சரி, நம் கோழிகளோடு ஒரே தட்டில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

கடன் கொடுக்கும்போது

அந்த அக்காவின் கடனை என்ன செய்வது என்று அந்தக் குழு மூன்று கூட்டம் பேசியது. கடைசியில் அசலுக்கு ஆறு மாதம் தவணை நீட்டித்துக் கொடுத்தார்கள். இன்னொரு தீர்மானமும் போட்டார்கள், அதை மற்ற குழுக்களுக்கும் சொல்கிறேன். இனி கோழிக்குக் கடன் கொடுத்தால், குஞ்சுக்கு இரண்டு சொட்டும் பெரியதுக்கு ஊசியும் போட்டதாக ஊக்குநர் நோட்டில் எழுத வேண்டும். மருந்துச் செலவைக் குழுவின் பொது நிதியில் இருந்து எடுப்பது, கோழி இருக்கும் எல்லா வீட்டுக்கும் பொது, கடன் வாங்காதவர் வீட்டுக்கும் சேர்த்து. ஏனென்றால் தெருவில் ஒரு வீடு விட்டாலும் சீக்கு அந்த வீட்டு வழியாக வரும். குழுவிலேயே சேராத வீடுகளையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு வீட்டோடு இந்தக் குழுவுக்கு நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கோழிக்காகப் பேசினார்கள்.

அந்த அக்கா அடுத்த வருஷம் மறுபடியும் அடை வைத்தார். 2023 ஆடியில் அவரிடம் 40 கோழிக்கு மேல் இருந்தது. பருந்து தூக்கியது ஐந்து, தெரு நாய் இரண்டு. சீக்கில் ஒன்றுகூட இல்லை.

இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் எத்தனை கோழி அடைக்கு நிற்கிறது என்று கேட்டு எண்ணிக்கையை எழுதி, கூட்டமைப்புக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். நூறு சேர்ந்த ஊருக்குத் தேதி வைத்துச் சொல்கிறோம். அலுவலகத்தில் இரண்டு பிளாஸ்க் இருக்கிறது, ஒன்றின் மூடி மட்டும் கொஞ்சம் தளர்வு, துணி சுற்றி அடைத்துக்கொள்ள வேண்டும்.